காலையில் மட்டும் பற்றாத அடுப்பு

பெல்லட் அடுப்பு பற்றவில்லை என்றால் உடனே ராடை மாற்றுகிறார்கள். இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. வேலையை விட்டு வந்து ஆறு வருடம் ஆகியும் பழைய கம்பெனியில் இப்போது சர்வீஸ் பார்க்கிறவர்கள் என்னை விடுவதாக இல்லை. போன வாரம் ஒருவர் போன் செய்தார்.

"அண்ணே, மூணு ராடு மாத்திட்டோம். பத்தவே மாட்டுது. ஆப்ல பாத்தா 'பற்றவில்லை'ன்னே காட்டிக்கினு இருக்குது."

பற்றவில்லை என்று பற்றாத அடுப்பே சொல்கிறதே, அதற்கு ஓர் ஆப் வேறு எதற்கு? கத்திவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க பாத்த கேஸையெல்லாம் எழுதிக் குடுங்கண்ணே, எங்களுக்கு ஆவும்" என்றார். அதனால் எழுதுகிறேன். என் கெட்டிக்காரத்தனத்தை எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மரத்தூள், கடலைத் தோல் இவற்றை அழுத்தி, சுண்டு விரல் கனத்தில் சிறு சிறு துண்டுகளாகச் செய்வதுதான் பெல்லட். அடுப்பின் மேலே ஒரு பெட்டியில் அதைக் கொட்டினால், நீளமான ஒரு திருகு சுற்றிச் சுற்றி அதைக் கீழே உள்ள சட்டிக்குத் தள்ளும். சட்டியின் அடியில் ஒரு ராடு இருக்கும். ஸ்விட்சைப் போட்டால் அது செக்கச் செவேல் என்று பழுக்கும். பெல்லட் புகைந்து, பிறகு பற்றிக்கொள்ளும். ஃபேன் காற்றை ஊதும். அவ்வளவுதான் சங்கதி. இதில் தீக்குச்சிக்கு வேலை கிடையாது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்துப் புருவத்தைப் பொசுக்கிக்கொண்ட ஒருவரை நானே பார்த்திருக்கிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். கொஞ்ச நாள் பாய்லர், கொஞ்ச நாள் டீசல் பர்னர். அப்புறம் இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கழித்து, காக்களூர் தொழிற்பேட்டையில் கேன்டீன்களுக்குப் பெல்லட் அடுப்பு செய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. வீடு பொன்னேரியில். கும்மிடிப்பூண்டிப் பக்கம் உள்ள தொழிற்சாலைகள் எல்லாம் என் பொறுப்பு.

சர்வீஸ் மேனேஜர் காதர் சார். பழவேற்காட்டில் வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பி எல்லாரும் கடை வைத்திருக்க, இவர் ஒருவர்தான் மெஷின் பக்கம் வந்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன். சாயங்காலம் சர்வீஸ் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் வைத்தால், ஒரு ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு வரிக்குக் கீழும் வைத்துப் படிப்பார். கையில் சிவப்புப் பென்சில்.

"ஏகாம்பரம், 'ராடு சரி'ன்னு எழுதியிருக்கீங்க. சரின்னா எவ்ளோ?"

"நல்லா இருந்துச்சு சார்."

"மீட்டர்ல நல்லான்னு ஒரு நம்பர் இருக்குதா?"

ரிப்போர்ட் திரும்பி என்னிடமே வரும். மறுநாள் அதே தொழிற்சாலைக்கு, அதே ராடை அளக்க, இருபத்தைந்து மைல் போக வேண்டும். போகும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போவேன்.

அவர் வகுத்திருந்த முறை இது. முதலில் பிளக்கைப் பிடுங்கு. பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி பெல்லட் எடு. ஒன்றை இரண்டு விரலால் ஒடி. டக்கென்று ஒடிந்தால் காய்ந்தது. டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தால் ஈரம். அடுத்து சட்டியைக் காலி செய், சாம்பலை வாரு, அடியில் உள்ள காற்றுத் துளைகளை ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுக் குத்து. அதன் பிறகே ராடு, அதன் பிறகே கரண்ட். சட்டியில் எரியாத பெல்லட் குவிந்திருக்கும்போது மறுபடி ஸ்விட்சைப் போடவே கூடாது. புகை சேர்ந்து ஒரே சமயத்தில் டமால் என்று பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ரிப்போர்ட்டில் ஒரு கட்டம். கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த முறை என்னைக் காப்பாற்றிய நாளும் உண்டு. சோழவரம் பக்கம் ஒரு முதலாளிக்குத் தோட்ட வீடு. வெளிநாட்டிலிருந்து ஒரு பெல்லட் கிரில் வரவழைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் விருந்து, கோழியெல்லாம் மசாலா தடவித் தயாராக இருக்கிறது, கிரில் பற்றவில்லை. நாங்கள் விற்ற பொருளே இல்லை அது. ஆனாலும் எங்கள் முதலாளிக்கு வேண்டியவர் என்பதால் என்னை அனுப்பினார்கள். போனதும் அவர் ஆரம்பித்தார்: வோல்டேஜ் கோளாறு, கப்பலில் வரும்போது உப்புக் காற்று பட்டிருக்கும், வெளிநாட்டுக்காரன் ஏமாற்றிவிட்டான். நான் கையை விட்டு ஒரு பிடி எடுத்தேன். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வாசனை அடித்தது.

"சார், இது மாட்டுத் தீவனம்."

அதுவும் பெல்லட்தான், பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும். தோட்டக்காரர் பக்கத்து மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டார். அந்தத் திருகிலிருந்து தீவனத்தைச் சுரண்டி எடுக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. முதலாளி ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. மாடு மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் வண்டிகளுக்கு ரப்பர் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்று. அதன் கேன்டீனுக்கு எங்கள் அடுப்பு போயிருந்தது. கேன்டீனைக் கான்ட்ராக்ட் எடுத்திருந்தவர் பார்த்திபன். சமையல் பொறுப்பு ரமணம்மா. ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்கள் பேச்சு. ஐம்பது வயது இருக்கும். காலை ஐந்து மணிக்கு அவர் அடுப்பைப் பற்றவைத்தால்தான் ஆறு மணி ஷிப்டுக்கு உள்ளே போகிறவர்களுக்கு நாஷ்டா.

புகார் இதுதான்: காலையில் அடுப்பு பற்றுவதில்லை. ஐந்து மணிக்கு ஸ்விட்சைப் போட்டால் புகைகிறது, அணைகிறது. மறுபடி போட்டால் மறுபடி புகை. ஆறே கால், ஆறரைக்குத்தான் பிடிக்கிறது. அதற்குள் ஷிப்டுக்காரர்கள் வெறும் வயிற்றோடு உள்ளே போய்விடுகிறார்கள்.

நான் முதல் தடவை போனபோது மணி பத்து. ஸ்விட்சைப் போட்டேன். நாலே நிமிடத்தில் பற்றிக்கொண்டது.

ரமணம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தார். "இன்னா நைனா இது! உன்னப் பாத்தா மட்டும் அதுக்கு வெக்கம் வந்து எரியுது. நான் ஒண்டியா இருந்தா மூஞ்சத் தூக்கி வெச்சிக்குது."

சட்டியைச் சுத்தம் செய்து, கரண்டை அளந்து, நம்பர் எழுதிக்கொண்டு வந்தேன். இருநூற்று இருபத்தைந்து வோல்ட். ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் மறுபடி புகார். போனேன், பதினொரு மணிக்கு. எரிந்தது. ராடை மாற்றினேன். அடுத்த வாரம் மறுபடி. போனேன், எரிந்தது. ஃபேனை மாற்றினேன். பார்த்திபன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இது அடுப்பா, இல்ல எங்கள பேஜார் பண்றதுக்குன்னே செஞ்ச பொட்டியா?" என்பார். ஒரு நோயாளி, வைத்தியரைக் கண்டதும் எழுந்து நடந்தால் வைத்தியர் என்னதான் செய்வார்?

நாலாவது தடவை போனபோது கொஞ்சம் சீக்கிரமாக, எட்டு மணிக்கே போய்விட்டேன். அன்றைக்கு அவர்கள் அடுப்பைக் கைவிட்டுவிட்டுக் காஸ் சிலிண்டரில் உப்புமா கிண்டி முடித்திருந்தார்கள். நான் சட்டியைத் திறந்தேன். உள்ளே பெல்லட் கூழாக இருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இத்தனை தடவை அலைந்தது இதற்குத்தானா? ஈர பெல்லட்டைப் போட்டுவிட்டு அடுப்பைக் குறை சொல்கிறார்கள் என்று முடிவு செய்தேன். ரமணம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா, அதான் கண்ணுக்கு முன்னால இருக்கே" என்றேன். அங்கேயே ரிப்போர்ட் எழுதினேன். 'பெல்லட் ஈரம். இயக்குபவர் தவறு.' பார்த்திபனிடம் ஒரு நகல் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் காதர் சார் ஸ்கேலை வைத்துப் படித்தார். ஒரு வரியில் ஸ்கேல் நின்றது.

"பெட்டியில இருந்த பெல்லட்டும் ஈரமா? கைய உட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

பார்க்கவில்லை. அந்தக் கட்டத்தில் 'ஈரம்' என்று எழுதியிருந்தேன், ஆனால் பெட்டியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. மறுபடி ஒரு தடவை அந்த இடத்துக்குப் போகச் சொல்லிவிடுவாரோ என்ற அலுப்பு. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் நிம்மதியாகப் போயிற்று. பதினோராம் நாள் அதே தொழிற்சாலையிலிருந்து புகார்: காலையில் அடுப்பு பற்றுவதில்லை.

போனேன். சமையலறையில் ரமணம்மா இல்லை. தலையில் துண்டு கட்டிய வேறு ஒரு மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

"அந்தம்மா எங்க?" என்று பார்த்திபனைக் கேட்டேன்.

"அனுப்பிட்டேன். நீ குடுத்த பேப்பரத்தான் ஆபீஸ்ல காமிச்சேன். பெல்லட்ட ஈரம் பண்ணிக்கினு இருந்தா வேற இன்னா பண்றது? இப்போ இந்த மாஸ்டர் வந்தாரு. இவரு வந்தும் எரியல. இப்போ யார் மேல எழுதப்போற நீ?"

புது மாஸ்டரைப் பார்த்தேன். அவர் பயந்துபோய், "சார், நான் மூட்டைய வெயில்ல காய வெச்சிதான் கொட்டறேன்" என்றார். பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். ஒரு துண்டை ஒடித்தேன். டக்கென்று ஒடிந்தது. சட்டியைத் திறந்தேன். அங்கே மட்டும் கூழ்.

"இதுல தண்ணி எப்பிடி வந்துச்சு?"

"நான்தான் சார் ஊத்தினேன். நாலு தபா போட்டும் புடிக்கல, ஒரே பொகை. மூச்சு முட்டுது. அதான் ஒரு சொம்பு ஊத்தி அணைச்சேன்."

அணைக்க ஊற்றிய தண்ணீர். அதைத்தான் அன்றைக்குச் சொல்ல வாயெடுத்திருப்பார் ரமணம்மா. நான் சொல்ல விடவில்லை.

அன்று மத்தியானம் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஆரம்பாக்கம் போனேன். விசாரித்துக்கொண்டு ஊருக்குள் போனால், அவர் ஓர் இறால் ஷெட்டில் இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"இன்னாத்துக்கு வந்த?"

"தப்புப் பண்ணிட்டேம்மா. பெட்டியில இருந்தது ஈரம் இல்ல. நான் பாக்காமயே எழுதிட்டேன்."

"அது எனக்குத் தெரியாதா? நீ சொல்லித்தான் தெரிஞ்சிக்கணுமா?" ஒரு கை இறாலைத் தட்டில் போட்டார். "நாலு தபா வந்த. பத்து மணிக்கு வந்த, பதினோரு மணிக்கு வந்த. எரியாத நேரம் எதுன்னு ஒரு தபா கேட்டியா? அஞ்சு மணிக்கு வந்து பாரு. டியூப் லைட்டு கண்ணச் சிமிட்டும். கிரைண்டரு கல்லு அழுவுற மாரி சுத்தும். ஆறு மணி சங்கு ஊதினா எல்லாம் பளிச்னு ஆயிடும். பார்த்திபனாண்ட சொன்னேன். 'சமையல் வேலையப் பாரு'ன்னாரு. உன்னாண்ட சொல்ல வந்தேன். நீ 'ஒண்ணும் சொல்ல வேணாம்'னுட்ட."

அவர் சொல்லி முடித்தபோதே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்தத் தொழிற்சாலைக்கு மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு உருக்கும் கம்பெனி. கரண்ட் உலை, இரண்டு கம்பெனிக்கும் ஒரே லைன். காலை ஆறு மணிக்கு மேல் கட்டணம் கூடுதல் என்பதால் ஆறு வரை உலையை ஓட்டிவிட்டு நிறுத்துவார்கள். கேன்டீனோ காம்பவுண்டின் கடைசி மூலையில். அங்கே போகும் ஒயர் மெல்லியது, நீளமானது. உலை ஓடும்வரை அங்கே கரண்டுக்குப் பலமே இருக்காது.

மறுநாள் விடியற்காலை நாலேமுக்காலுக்கே கேன்டீனில் இருந்தேன். மீட்டரை மாட்டினேன். நூற்றைம்பது. ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, திருகு சுற்றியது, பெல்லட் விழுந்தது. ராடு மட்டும் பழுக்கவில்லை, மங்கலான பழுப்பு நிறத்தில் நின்றது. வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் ராடின் சூடு பாதிக்கும் கீழே போய்விடும். பெல்லட்டைப் புகைய வைக்க அது போதும், பற்றவைக்கப் போதாது. சட்டியைக் காலி செய்தேன், மறுபடி போட்டேன், மறுபடி புகை. ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. சில நிமிடங்களில் தலைக்கு மேலே டியூப் லைட் வெளுத்தது. மீட்டர் முள் இருநூற்று இருபதைத் தாண்டியது. அடுப்பு பற்றிக்கொண்டது.

சந்தோஷம் வரவில்லை. என் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஓர் அடுப்பு காலையில் எரியவில்லை என்று நாலு தடவை சொல்லியிருக்கிறார்கள், நாலு தடவையும் நான் வெயில் ஏறிய பிறகுதான் போயிருக்கிறேன்.

நேராகக் காக்களூர் போய்க் காதர் சார் முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைப் பார்க்காததையும், பார்த்தேன் என்று அவரிடம் பொய் சொன்னதையும் சேர்த்துத்தான். அவர் சிவப்புப் பென்சிலை மேசையில் வைத்தார்.

"குந்துங்க" என்றார். ஒரு புது ரிப்போர்ட் படிவத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "எழுதுங்க. அளவெல்லாம், மணியோட. கீழ, முன்னாடி குடுத்த ரிப்போர்ட் தப்புன்னு எழுதுங்க. ஏன் தப்புன்னும் எழுதுங்க."

"எல்லாத்தையுமா சார்?"

"எல்லாத்தையும்."

எழுதிக் கொடுத்தேன். ஸ்கேலை வைத்துப் படித்தார். கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'சந்தேகம் வந்தும் கேட்காமல் நானும் கையெழுத்திட்டேன்.' பிறகு ஸ்டோரிலிருந்து ஒரு ஸ்டெபிலைசரை எடுத்து வேனில் வைக்கச் சொன்னார். அவரும் ஏறிக்கொண்டார். கும்மிடிப்பூண்டி வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கத்தாத மனிதர் என்று எழுதினேன் அல்லவா? அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவர் என்னைப் பார்த்துக் கத்தியது.

பார்த்திபன் பேப்பரைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இப்போ வந்து மாத்தி எழுதினா? நான் ஆபீஸ்ல இன்னா சொல்றது?"

"இதையே காமிங்க. நான் வந்து சொல்றேன்" என்றார் காதர் சார். போனார், சொன்னார். ஆபீஸில் அரை மணி நேரம். வெளியே வந்தபோது பார்த்திபன், "சரி, வரச் சொல்லுங்க அந்தம்மாவ. மாஸ்டரு ரெண்டாவது ஷிப்டு பாக்கட்டும்" என்றார்.

ரமணம்மா உடனே வரவில்லை. நான் இரண்டு தடவை ஆரம்பாக்கம் போனேன். முதல் தடவை முகம் கொடுத்தே பேசவில்லை. இரண்டாவது தடவை, "இன்னா எழுதிக் குடுத்தன்னு நான் பாக்கணும். பாத்துட்டு சொல்றேன்" என்றார். நான் பேப்பரை நீட்டினேன்.

"இங்க வேணாம். அங்க வந்து பாக்கறேன்."

மறுநாள் காலை ஐந்து மணிக்குச் சமையலறைக்கு வந்தார். ஸ்டெபிலைசர் சுவரில் மாட்டியிருந்தது. காய்கறி நறுக்கும் இரண்டு பெண்கள், பாத்திரம் தேய்ப்பவர், புது மாஸ்டர் எல்லாரும் இருந்தார்கள். பார்த்திபன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் பேப்பரைக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் தெலுகுதான் படிப்பேன். நீயே படி."

படித்தேன். மணி, அளவு, ராடு, உலை எல்லாம் சுலபமாக வந்தது. அதற்கடுத்த வரிகளில் குரல் இறங்கிவிட்டது. பெட்டியில் இருந்த பெல்லட்டை நான் சோதிக்கவில்லை. சோதித்ததாக எழுதியது பொய். சமையல் செய்த ரமணம்மா மீது எந்தத் தவறும் இல்லை.

படித்து முடித்துப் பேப்பரை மடித்தேன். ரமணம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினார். பின்பக்கம் திரும்பி, "அந்தக் கிரைண்டர நிறுத்து" என்றார். கல் மெதுவாகச் சுற்றி நின்றது. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"இப்போ இன்னொரு தபா படி."

மறுபடி படித்தேன். முதல் தடவையை விட அது ரொம்ப நீளமாக இருந்தது.

"சரி, தள்ளு. நாஷ்டாவுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போட்டார். நான் சட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ராடையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழுத்தது, புகைந்தது, நாலாவது நிமிடத்தில் குப்பென்று பற்றிக்கொண்டது. சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரவையைச் சலித்துக்கொண்டிருந்தார்.